படிவத்தின் மறுபக்கம்

நுழையும்முன்

பிறப்பைப் பதிவதில் தொடங்கி ஓய்வூதியம் பெறுவதுவரை வாழ்வின் பல படிகளில் அரசு நம்மை ஒரு படிவத்தின் வழியாகவே சந்திக்கிறது. அப்படிவம் தாளிலிருந்து கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டால் அரசின் சேவை புதுமை பெற்றதாகுமா? இவ்வினாவுக்குப் பிரிட்டன் அரசு தேடிய விடை பிற நாடுகளின் கவனத்தையும் ஈர்த்தது. அத்தேடலையும் அதில் நேர்ந்த சறுக்கல்களையும் இப்பாடம் விளக்குகிறது.

படிவத்தை நிரப்புபவர் யார்?

நோயாலோ முதுமையாலோ நலிவுற்ற ஒருவரை வாரத்திற்கு 35 மணி நேரமேனும் உடனிருந்து கவனித்துக்கொள்வோருக்குப் பிரிட்டன் அரசு பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தால் படுத்திருக்கும் தாய்க்கு மருந்து கொடுத்து, உணவூட்டி, உறங்கவைத்தபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில்தான் அவர் படிவத்தைத் திறக்கிறார். அதிலோ வினாக்கள் முடிவின்றி நீள்கின்றன. ஒவ்வொரு வினாவும் என்றோ ஒருநாள், ஏதோ ஒரு தேவைக்காகச் சேர்க்கப்பட்டது. சேர்ப்பதற்குக் காரணம் இருந்தது. நீக்குவதற்குத்தான் ஆள் இல்லை.

இச்சேவையை இணையத்திற்காகப் புதுப்பித்த குழுவினர் பழைய படிவத்தை அப்படியே திரையில் ஏற்றவில்லை. உதவித்தொகை தருவதா, மறுப்பதா என முடிவெடுக்கத் தேவைப்படாத வினாக்களை ஒவ்வொன்றாக நீக்கினர். முடிவில், இருந்தவற்றுள் ஏறத்தாழப் பாதி வினாக்கள் மறைந்தன. இது வெறும் அழகூட்டும் வேலையன்று. படிவத்தைப் பாதியில் கைவிடுபவர் தகுதி இல்லாதவராக இருக்கவேண்டியதில்லை. நேரம் இல்லாதவராக இருக்கலாம். அவர் புகார் எழுதமாட்டார். விண்ணப்பம் வந்து சேராததால் அரசின் எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இடம்பெறாது. உரிமை இருந்தும் உதவி கிட்டாமல் ஒருவர் ஓசையின்றி விலகிப்போவதே இங்கு நேரும் இழப்பு.

அருவி முறை

அரசு மென்பொருள்கள் நெடுங்காலம் ‘அருவி முறை’யில் உருவாக்கப்பட்டன. தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதித் தொகுப்பர், ஒப்பந்தம் இடுவர், ஆண்டுக்கணக்கில் உருவாக்குவர், இறுதியில் சோதித்துத் திறந்துவைப்பர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு இறங்கலாமே தவிர, அருவி நீரைப்போல மீண்டும் மேலேற இயலாது. பாலம் கட்டுவதற்கு இம்முறை பொருத்தமானதே. மென்பொருளில் இடர் என்னவெனில், மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்துவர் என்னும் அறிவு அவர்கள் கையில் அது சேர்ந்த பின்னரே கிடைக்கிறது. அப்போது பணமும் காலமும் தீர்ந்திருக்கும்.

பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணித்துறைக்காக 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மாபெரும் கணினித் திட்டம் பல நூறு கோடி பவுண்டுகளை விழுங்கியபின் 2011ஆம் ஆண்டில் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெறுவதற்கான இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வந்து மோதிய அந்த முதல்நாளில் பதிவை நிறைவுசெய்தவர்கள் வெறும் 6 பேர்! தொடக்கம் முதல் முடிவுவரையிலான முழுமையான சோதனை, திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தது. உழைப்பில் குறையில்லை, கற்கவேண்டியதைக் கடைசியில் வைத்ததே குறை.

இதற்கு மாற்றாக எழுந்ததே ‘அஜைல்’ முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையால் இப்பெயர் நிலைபெற்றது. சிறு பகுதி ஒன்றை உருவாக்கு, பயன்படுத்துவோரிடம் காட்டு, கற்றதைக் கொண்டு திருத்து, மீண்டும் உருவாக்கு எனச் சில வாரங்களுக்கு ஒருமுறை சுழலும் முறை இது. அஜைல் என்னும் சொல்லுக்கு விரைவு என்று மட்டும் பொருள்கொள்வது பிழையாகும். மான் விரைந்து ஓடுவதோடு நிற்பதில்லை. எதிரே புதரைக் கண்ட நொடியில் திசைமாறிப் பாய்கிறது. அந்தத் திசைமாறும் ஆற்றலே இம்முறையின் உயிர். தவறுகளை இம்முறை ஒழித்துவிடுவதில்லை. அவற்றைச் சிறியவையாக இருக்கும்போதே கண்டுகொள்ள வழிசெய்கிறது.

ஒற்றை வாயில்

2010ஆம் ஆண்டில் பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளை ஆராய்ந்து மார்த்தா லேன் ஃபாக்ஸ் அறிக்கை அளித்தார். துறைதோறும் சிதறிக்கிடக்கும் தளங்களைச் சிறிது சிறிதாகச் சீர்செய்வது போதாது என்றும், மக்களை மையமாகக் கொண்ட ஒற்றை வாயில் வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அதனைத் தொடர்ந்து ஒரு சிறு குழு 12 வாரங்களில் ஒரு முன்மாதிரித் தளத்தை உருவாக்கி 2011 மே மாதத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. குறைகள் நிறைந்த ஒன்றைத் தெரிந்தே வெளியிடுவது அரசு அலுவலகங்களின் இயல்புக்கு மாறானது. ஆயினும் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காகவே அது வெளியிடப்பட்டது. சோதனை வடிவம் ஒன்றைக் கடந்து, 2012 அக்டோபர் 17 அன்று ‘கவ்.யுகே’ என்னும் தளம் பழைய தளங்களின் இடத்தில் அமர்ந்தது. இதனை உருவாக்கிய அமைப்பு அரசு மின்னணுச் சேவை நிறுவனம் ஆகும்.

அந்நிறுவனம் 2012இல் வெளியிட்ட வடிவமைப்புக் கோட்பாடுகளில் முதலாவது, தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. அத்தேவை அரசின் தேவையன்று, பயனரின் தேவை என்று அடிக்குறிப்பிட்டு விளக்கவும் வேண்டியிருந்தது. இக்கோட்பாடு எப்படிச் செயலாகிறது என்பதற்கு அத்தளத்தின் பொதுவிடுமுறைப் பக்கம் எளிய சான்று. விடுமுறைச் சட்டத்தின் வரலாற்றைத் தேடி அங்கு வருபவர் அரியர். அடுத்த விடுமுறை எந்நாள் என்பதே பெரும்பாலோரின் வினா. அந்தத் தேதி பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் நிற்கிறது, ஏனையவை கீழே. எளிமை என்பது இத்தனை எளிதா என்று வியக்கத் தோன்றும். ஆனால், எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுக்க ஓர் அலுவலகத்திற்குப் பெருந்துணிவு வேண்டும். 2013ஆம் ஆண்டில் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் இத்தளத்தை ஆண்டின் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தெடுத்தது.

பயனரின் தேவையை அறியக் கருத்துக்கேட்புப் படிவங்கள் மட்டும் போதா. ஆய்வாளர் பயனரின் அருகில் அமர்ந்து, அவர் விண்ணப்பிப்பதை வாய்திறவாமல் கவனிக்கிறார். எங்கே கை தயங்குகிறது, எந்தச் சொல்லை இருமுறை படிக்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். தடுமாறும் பயனர், “எனக்குத்தான் கணினி சரியாகத் தெரியாது” என்று தம்மையே நொந்துகொள்ளக்கூடும். அதனை அவருடைய பிழையாகக் கொள்ளாமல் படிவத்தின் பிழையாக எழுதிக்கொள்வதே ஆய்வாளரின் கடமை.

இத்தனைக்குப் பிறகும் சறுக்கல் நேர்ந்தது. 2014இல் தொடங்கிய இணையவழி வாக்காளர் பதிவு எளிமையால் பாராட்டப்பட்டது. 2016 ஜூன் 7, ஐரோப்பிய ஒன்றியம் குறித்த பொதுவாக்கெடுப்பில் பங்கேற்கப் பதிவதற்குக் கடைசிநாள். அன்று ஒருநாளில் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். நள்ளிரவுக் கெடுவை நெருங்கும் நேரத்தில் தளம் முடங்கியது. வாக்குரிமையே கைநழுவும் நிலையில் அரசு காலக்கெடுவை ஜூன் 9 வரை நீட்டித்தது. நன்கு வடிவமைத்த பக்கமும், கூட்டம் தாங்காவிட்டால் அடைத்த கதவுதான்.

திறந்த தரவு

சேவையைச் செம்மைசெய்வது ஒருபுறமிருக்க, அரசிடம் குவிந்துள்ள தரவுகளை என்செய்வது? மக்களின் வரிப்பணத்தில் திரட்டிய தரவை எவரும் கட்டணமின்றிப் பெறவும், மறுபயன்பாடு செய்யவும், பகிரவும் உரிமம் அளித்து வெளியிடுவதே திறந்த தரவு. அது கணினி படித்தறியும் வடிவில் இருத்தல் வேண்டும். ஓர் அட்டவணையை ஒளிப்படமாக எடுத்துத் தளத்தில் ஏற்றினால், காட்சிக்கு வைத்ததாகுமே அன்றித் திறந்ததாகாது.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் துணையோடு பிரிட்டன் அரசு 2010 ஜனவரியில் தன் தரவுத் தளத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் திறக்கப்பட்ட தரவுகளுள் பேருந்து நிறுத்தங்களின் பட்டியலும் ஒன்று. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்களின் இருப்பிடம் அதில் பதிவாகியிருந்தது. ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் பொது வரைபடத்தை வளர்க்கும் தன்னார்வலர்கள் அப்பட்டியலைத் தத்தம் தெருக்களோடு ஒப்பிட்டனர். ஆயிரக்கணக்கான நிறுத்தங்கள் பட்டியல் காட்டிய இடத்தில் இல்லை! பூட்டிய அறைக்குள் அப்பட்டியல் இருந்தவரை அது பிழையற்றதாகவே தோன்றியது. தவறு வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சத்தால் தரவை மூடிவைப்போர் உண்டு. மூடிவைத்தாலும் பயணி தவறான இடத்தில்தான் காத்துநிற்பார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

லண்டன் போக்குவரத்துத் துறை தன் நேரடித் தரவுகளை இலவசமாகத் திறந்துவிட்டது. அவற்றைக் கொண்டு 600க்கும் மேற்பட்ட செயலிகளைப் பிறர் உருவாக்கினர். இத்திறப்பால் பயணிகளும் நகரமும் துறையும் அடையும் நன்மை ஆண்டுக்கு 13 கோடி பவுண்டுவரை இருக்கும் என 2017ஆம் ஆண்டில் டெலாய்ட் நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை செயலிகளையும் ஓர் அரசுத்துறை தானே உருவாக்கிப் பேணுவது எளிதன்று.

எல்லாத் தரவும் திறக்கத்தக்கதன்று. பேருந்து நிறுத்தம் எவருடைய அந்தரங்கமும் இல்லை. மருத்துவக் குறிப்பு அப்படியன்று. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடமுள்ள நோயாளர் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்ட முயன்ற ‘கேர்.டேட்டா’ திட்டம், மக்களுக்கு உரியவாறு விளக்கி அவர்தம் நம்பிக்கையைப் பெறாமையால் 2016இல் கைவிடப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்னும் நோக்கம் நல்லதே. எனினும் கேளாமல் எடுப்பதைக் கொடை என்று எவரும் ஏற்பதில்லை.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எவரும் கேட்கும்முன்னரே அரசு அமைப்புகள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வகுக்கப்பட்டது. இந்திய அரசின் திறந்த தரவுத் தளமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. அதற்கு அடிப்படையான மென்பொருளைத் தேசியத் தகவலியல் மையமும் அமெரிக்க அரசும் இணைந்து உருவாக்கின. பிற நாடுகளும் எடுத்தாளும் வண்ணம் அதன் நிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. வேளாண்மை, மக்கள்தொகை, போக்குவரத்து முதலிய துறைகளின் தரவுகளை மாணவரும் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். தேடிய தரவு கிடைக்காவிடில், அதனை வெளியிடுமாறு பரிந்துரைப்பதற்கும் அத்தளத்தில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.