எடின்பரோவின் கஜானா, லண்டனின் சாவி

2020 பிப்ரவரி 6, வியாழக்கிழமை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் அன்று பட்ஜெட் தாக்கல். ஆனால் காலையிலேயே நிதியமைச்சர் டெரிக் மெக்கே பதவி விலகிவிட்டார். ஒரு நாளேட்டில் வந்த செய்தி அவரை வீழ்த்தியிருந்தது. அவருக்குக் கீழே பொது நிதியைக் கவனித்துவந்த இளநிலை அமைச்சர் கேட் ஃபோர்ப்ஸுக்கு அப்போது வயது 29. சில மணி நேர அவகாசத்தில் அவர் எழுந்து பட்ஜெட்டை வாசித்தார். உறுப்பினர்களின் கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். ஸ்காட்லாந்தில் பட்ஜெட் தாக்கல் செய்த முதல் பெண் அவர்தான். அதே மாதம் நிதியமைச்சர் பொறுப்பும் அவரிடமே வந்தது.

அந்த நாளைப் பற்றி எழுதியவர்கள் இந்தத் திடீர்த் திருப்பத்தைத்தான் எழுதினார்கள். அதைவிட முக்கியமானது வேறொன்று. 2019 டிசம்பரில் பொதுத்தேர்தல் நடந்ததால் பிரிட்டனின் பட்ஜெட் மார்ச் 11-க்குத் தள்ளிப்போயிருந்தது. அதாவது, லண்டனிலிருந்து எவ்வளவு பணம் வரும் என்பது உறுதியாகும் முன்பே ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் செலவுக் கணக்கைப் போட்டாக வேண்டியிருந்தது. அதிகாரப் பகிர்வு பெற்ற ஓர் அரசில் நிதியமைச்சராக இருப்பது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்காட்லாந்து அரசின் ஆண்டு பட்ஜெட் 6,000 கோடி பவுண்டுக்கு மேல். அதில் பெரும்பங்கை முடிவு செய்வது பார்னெட் சூத்திரம். 1970-களின் இறுதியில் பிரிட்டன் கருவூலத்தின் தலைமைச் செயலராக இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் கணக்கு அது. ஸ்காட்லாந்தில் சுமார் 55 லட்சம் பேர் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்கு 100 கோடி பவுண்ட் கூடுதலாக ஒதுக்கினால், லண்டன் ஸ்காட்லாந்துக்குத் தரும் மானியத்தில் ஏறத்தாழ 10 கோடி ஏறும். அங்கே வெட்டினால் இங்கேயும் வெட்டு. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இந்தக் கணக்கைக் கைவிட வேண்டும் என்று பார்னெட்டே தன் கடைசிக் காலத்தில் வற்புறுத்தினார். இன்றுவரை அதை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை; கருவூலத்தின் வழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் இதே ஏற்பாட்டில் ஒரு பெரிய சுதந்திரமும் இருக்கிறது. மருத்துவமனையின் பெயரால் வந்த பணத்தை மருத்துவமனைக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொத்தமாக வருவதை எப்படிப் பங்கிடுவது என்பது நிதியமைச்சரும் அமைச்சரவையும் எடுக்கும் முடிவு. ஸ்காட்டிஷ் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை. 2011 ஏப்ரல் முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. 2022 ஜனவரி 31 முதல் 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். ஏழைக் குடும்பங்களுக்கான குழந்தை உதவித்தொகையை 2021 பிப்ரவரியில் வாரம் 10 பவுண்டில், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று தொடங்கினார்கள். 2022 நவம்பருக்குள் அது 25 பவுண்ட் ஆயிற்று. 16 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்தது. இங்கிலாந்தில் இதற்கு இணையான திட்டம் இல்லை. மாநில அரசால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த 25 பவுண்டைக் காட்டுவேன்.

வரி விதிக்கும் உரிமையின் கதை வேறு. 1997 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: தனி நாடாளுமன்றம் வேண்டுமா, அதற்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா? முதல் கேள்விக்கு 74.3 சதவீதம் பேரும் இரண்டாவதற்கு 63.5 சதவீதம் பேரும் ஆம் என்றார்கள். வருமான வரியின் அடிப்படை விகிதத்தை மூன்று பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ உரிமை கிடைத்தது. ஒருமுறைகூட எந்த அரசும் அதைத் தொடவில்லை. வசூலுக்கான கணினி ஏற்பாட்டைப் பராமரிக்காமல் விட்டதால் அந்த அதிகாரத்தை நினைத்தாலும் பயன்படுத்த முடியாத நிலை என்பது 2010-இல் அம்பலமானபோது பெரிய சர்ச்சை வெடித்தது. மக்கள் வாக்களித்துப் பெற்றுத்தந்த உரிமையை இப்படித் துருப்பிடிக்க விட்டது மன்னிக்கக்கூடியதல்ல.

2014 விடுதலை வாக்கெடுப்புக்குப் பிறகு நிலைமை மாறியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சம்பளம் போன்ற வருமானத்துக்கான வரி விகிதங்களும் அடுக்குகளும் எடின்பரோவின் கைக்கு வந்தன. 2018-19 பட்ஜெட்டில் மெக்கே அவற்றை ஐந்து அடுக்காகப் பிரித்தார். 2024-25-இல் அப்போதைய நிதியமைச்சர் ஷோனா ராபிசன் ஆறாவது அடுக்கைச் சேர்த்தார். உச்ச விகிதம் 48 சதவீதமாயிற்று. இங்கிலாந்தில் அது 45.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வரிவிலக்கு வரம்பான 12,570 பவுண்டை லண்டன்தான் முடிவு செய்கிறது. தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் லண்டனுடையது. அந்த ஆண்டில் ஸ்காட்லாந்தில் 43,662 பவுண்டைத் தாண்டியதும் 42 சதவீத வரி. ஆனால் 8 சதவீதக் காப்பீட்டுச் சந்தா, இங்கிலாந்தின் வரி எல்லையை ஒட்டி, 50,270 பவுண்ட் வரை தொடர்கிறது. ஆகவே இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே சம்பாதிக்கும் மூத்த செவிலியரோ பள்ளி ஆசிரியரோ, அந்த இடைவெளியில் ஈட்டும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதியைக் கொடுக்கிறார். அதே இடைவெளியில் இங்கிலாந்தில் 28 சதவீதம்தான். இரண்டு அரசுகளின் இரண்டு முடிவுகள் ஒரே சம்பளச் சீட்டில் மோதுகின்றன. வாக்காளரின் கோபமோ எடின்பரோ அமைச்சர்மீது மட்டும்தான்.

வசூலான வரி முழுவதும் லாபமும் அல்ல. வருமான வரி ஸ்காட்லாந்துக்கு வருவதால், அதற்கு ஈடாக மானியத்தில் ஒரு தொகையை லண்டன் கழித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் தலைக்கு வசூலாகும் வரி பிரிட்டனின் மற்றப் பகுதிகளைவிட வேகமாக வளர்ந்தால் ஆதாயம், பின்தங்கினால் இழப்பு. வரி வசூல், மானியக் கழிவு ஆகிய இரண்டு தொகைகளும் முதலில் வெறும் மதிப்பீடுகள். உண்மைக் கணக்கு வந்து நேர்செய்யப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படி 2017-18-ஆம் ஆண்டின் மதிப்பீட்டுப் பிழைக்காக 20.4 கோடி பவுண்ட் கழிக்கப்பட்டது, 2020-21 பட்ஜெட்டில். ஃபோர்ப்ஸ் அன்று கையிலெடுத்து வாசித்தது அதே பட்ஜெட். லண்டனிலிருந்து வரப்போகும் தொகை உறுதியில்லை. மூன்றாண்டு பழைய பாக்கியோ உறுதி!

சாதாரண அரசாக இருந்தால் கடன் வாங்கிச் சமாளிக்கும். ஸ்காட்லாந்து நிதியமைச்சரால் அன்றாடச் செலவுக்காக விருப்பப்படி கடன் வாங்க முடியாது. மதிப்பீட்டுப் பிழையைச் சரிக்கட்ட ஆண்டுக்கு 30 கோடி பவுண்ட் வரை என்று 2016-இல் உச்சவரம்பு வைத்தார்கள். 2023 மறுஆய்வில் அதை 60 கோடியாக்கி, விலைவாசியோடு உயரும்படி செய்தார்கள்.

2024 ஜூலையில் நடந்தது இன்னும் கசப்பானது. முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவி இனி எல்லோருக்கும் இல்லை என்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார். ஸ்காட்லாந்து அப்போது அதே உதவியைத் தன் பொறுப்பில் ஏற்று, எல்லா முதியோருக்கும் தரத் தயாராகிக்கொண்டிருந்தது. லண்டன் செலவைக் குறைத்ததும் எடின்பரோவுக்கு வரவேண்டிய பணமும் குறைந்தது. அடுத்த மாதமே அந்தக் கட்டுப்பாட்டைத் தானும் பின்பற்றுவதாக ஸ்காட்லாந்து அறிவித்தது. சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை முழுமையாக எடின்பரோவிடம் இருந்தது. அதை நிறைவேற்றும் பணம்தான் அப்போது இல்லை.

இத்தனைக்கும் பிறகு உள்ளூர் அரசியல் வேறு காத்திருக்கிறது. 129 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை கிடைப்பது அரிது. 2009 ஜனவரி 28 அன்று, சிறுபான்மை அரசின் நிதியமைச்சராக ஜான் ஸ்வின்னி கொண்டுவந்த பட்ஜெட்டுக்கு ஆதரவாக 64, எதிராக 64. மரபுப்படி அவைத்தலைவர் எதிர்த்து வாக்களிக்க, பட்ஜெட் வீழ்ந்தது. வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்து தரும் திட்டத்துக்குப் போதிய நிதி இல்லை என்று பசுமைக் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்ததே காரணம். ஸ்வின்னி மற்றக் கட்சிகளோடு பேசி ஒரே வாரத்தில் பட்ஜெட்டை நிறைவேற்றிக் காட்டினார். பின்னாளில் அவர் முதலமைச்சரானார்.

கூட்டாட்சியிலும் அதிகாரப் பகிர்விலும் அக்கறையுள்ள எவரும் எடின்பரோவின் இந்த அனுபவத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். வருமான வரியை மாநிலத்திடம் ஒப்படைப்பது துணிச்சலான, சரியான முடிவு. அந்த வரி எதிர்பார்த்தபடி வராத ஆண்டில் குழந்தை உதவித்தொகையையும் மருத்துவமனைகளையும் காப்பாற்ற, போதுமான கடன் உரிமையும் கூடவே தரப்பட வேண்டும். பார்னெட் கணக்கு கருவூலத்தின் விருப்பத்தில் நிற்காமல் சட்டத்தில் இடம்பெற வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் பொறுப்பு லண்டனுடையது. இனியும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.