மன்றத்துச் சாவி யார் கையில்?

மாட்டுப் பொங்கலன்று குயிலாப்பாளையத்துக்குப் போய்ப் பாருங்கள். கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் மாலையும் பலூனும் கட்டிய மாடுகள், பின்னாலேயே விசிலடித்து ஓடும் பையன்கள், பக்கத்து ஆரோவில்லிலிருந்து கேமராவோடு வந்து நிற்கும் வெளிநாட்டவர்கள் என்று தெருவே தெரியாது. வேடிக்கை பார்த்து முடித்ததும் தலையை நிமிர்த்தி மாடிகளைப் பாருங்கள். பாவாடை தாவணியில், புதுச் சுடிதாரில், தம்பியை இடுப்பில் இருத்திக்கொண்டு ஊரின் பெண்பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கும் அது திருவிழாதான். ஆனால் அவர்கள் பார்வையாளர்கள்.

குயிலாப்பாளையத்தை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம் உப்பளம் வரைக்கும் போனாலும், தெற்கே கடலூர் வரைக்கும் போனாலும், ஊருக்கு ஊர் ஒரு 'இளைஞர் நற்பணி மன்றம்' கண்ணில் படும். அதன் ஃபிளெக்ஸ் பேனரில் கூலிங் கிளாஸ் போட்ட பதினைந்து, இருபது முகங்கள் இருக்கும். ஒரு பெண் முகம் இருக்காது. யாரும் திட்டம் போட்டு ஒதுக்கியதில்லை. 'இளைஞர்' என்ற சொல் இலக்கணத்தில் இருபாலுக்கும் பொதுவானது. வாயில் வரும்போது ஆணாகிவிடுகிறது. 'இளைஞி' என்று எழுதிப் பாருங்கள், பிழை திருத்துகிறவர் ஒரு நொடி நின்று யோசிப்பார்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கேரம் போர்டு, ஒரு வாலிபால் வலை, ஒரு பழைய பீரோ, கதவில் ஒரு பூட்டு. வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் திட்டுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் செய்வது, அந்தக் கணக்கை நோட்டில் எழுதி ஊரார் முன் வாசிப்பது, மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்பது, வி.ஏ.ஓ.விடம் மனு கொடுப்பது, மேலத்தெருவும் கீழத்தெருவும் முறைத்துக்கொண்டால் நடுவில் நின்று விலக்கிவிடுவது என்று எத்தனை வேலை அங்கே நடக்கிறது. பதினாறு வயதிலிருந்து இருபத்தைந்து வரை ஒரு பையன் இவற்றைப் பாடத்திட்டம் இல்லாமல், கட்டணம் இல்லாமல் கற்றுக்கொள்கிறான். அதே ஒன்பது வருடத்தில் அவன் தங்கை கற்றுக்கொள்வது, ஆறு மணிக்குள் வீடு திரும்புவது.

பிறகு ஒருநாள் அவள் நாற்பது வயதில் ஊராட்சித் தலைவியாகிறாள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத் திருத்தம் 2016ல் வந்தது. குயிலாப்பாளையம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சிகள் அந்த இட ஒதுக்கீட்டோடு தேர்தலைச் சந்தித்தது 2021 அக்டோபரில். எத்தனை ஊராட்சி அலுவலகங்களில் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசினார் என்பதை அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த அம்மாவைக் கேலி செய்வது சுலபம். பதினெட்டு வயதில் மன்றத்துப் பூட்டுக்கு மூன்று பேர் முறைவைத்துச் சாவி வைத்திருந்தார்களே, அதில் ஒருத்தியாக அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுதான் சிரமம்.

பெண்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். மகளிர் தினத்துக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் எல்லாருமே பாரதியின் புதுமைப் பெண்ணைக் கூப்பிடாமல் இறங்குவதில்லை. கைதட்டிவிட்டுப் பிள்ளைகள் ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போகிறார்கள். தைரியத்தைப் பேச்சாகக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தவறாகச் செய்ய உரிமையுள்ள வேலையாக அது இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வேலையைப் புதுக்கோட்டை பார்த்திருக்கிறது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிள் எப்படி வந்தது என்று இப்போது கேட்டால் வியப்பாக இருக்கலாம். வகுப்புக்குப் போய்வர யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது என்று அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி மாணவிகள் எல்லாரும் மிதித்தார்கள். வங்கிக் கடன் ஏற்பாடானது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், புடவையோடு அதில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியதால் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

அதில் என்னை இழுப்பது ஊர்வலம் அல்ல. சைக்கிள் கற்றுக்கொள்ள ஒருத்தருக்கு இன்னொருத்தர் தேவை. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும், சரியான நேரத்தில் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். போன வாரம் கற்றவள் இந்த வாரம் அடுத்தவளுக்குப் பிடித்தாள். பிடித்தவளுக்கு என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஓட்டுகிறவளைவிட அவளுக்குத்தான் குரல் உயரும். "முன்னாடி பாருடி! கீழ பாக்காத!" என்று தெருவே கேட்கக் கத்துவாள். அதுவரை தெருவில் குரல் உயர்த்திப் பேசாதவளாக இருந்திருப்பாள்.

குயிலாப்பாளையத்தில் இன்று சைக்கிள் ஒரு செய்தியே இல்லை. 2001க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள்கள் ஊரெங்கும் வந்துவிட்டன. காலையில் செம்மண் பாதைகளில் முந்திரித் தோப்புகளின் ஓரமாகப் பெண்பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக மிதித்துப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் கதை வேறு மாதிரிப் போயிற்று. ஊருக்குள்ளேயே இருக்கும் ஐக்கியம் பள்ளி ஆரோவில்லைச் சேர்ந்தது, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பது. விளையாட்டு மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2010 முதல் ஆரோவில்லிலிருந்து இயங்கும் 'எக்கோ ஃபெம்' துணி நாப்கின் தைத்துக் கொடுப்பதோடு பள்ளி மாணவிகளிடம் மாதவிடாய் பற்றி உட்கார்ந்து பேசுகிறது. 'வீட்டுக்குத் தூரம்' என்று ஜாடையாகச் சொல்லியே பழகிய பிள்ளைகள் ஒரு வட்டமாக உட்கார்ந்து 'மாதவிடாய்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதும் ஒருவிதப் பயிற்சிதான். முதல்முறை சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது முறை சிரிப்பு இருக்காது, கேள்வி வரும்.

ஆனால் ஒரு குழு எதுவரைக்கும் கொண்டுபோகும் என்பதற்குச் சாட்சி இந்தக் கடற்கரையிலேயே, கடலூரில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர் மீனவக் கிராமங்களைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகான ஆண்டுகளில், அந்த மாவட்டத்தின் மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளையும் அரசுக் காப்பகத்தில் வளர்ந்தவர்களையும் சேர்த்துப் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் கால்பந்து பழக்கினார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்று பெயர். கால்பந்து என்றால் அரைக்கால் சட்டை. "பொட்டப்புள்ள இப்படியா நிப்பா" என்ற பேச்சு எந்த ஊரிலும் முதல் பேச்சு. அதைத் தாண்டினால் அடுத்த பேச்சு கல்யாணம். இரண்டையும் ஒருத்தி தனியாகத் தாண்ட முடியாது. பதினைந்து பேர் ஒரே சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பேசுகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். குழு செய்யும் முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். வெட்கத்தைப் பங்குபோட்டுக் குறைத்துவிடுகிறது.

அந்தக் கூட்டத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடினார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில் தமிழ்நாடு 2–1 என்று மணிப்பூரை வென்றது. மணிப்பூர் என்றால் கால்பந்து தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்தக் கோப்பையைத் தங்கள் வீட்டுச் சொத்துபோல வைத்திருந்த அணி அது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் முகக்கவசத்தோடு பணியில் நின்றவர். நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு எந்தப் பக்கம் யார் வருகிறார் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருக்கும். நாற்சந்தியில் அது உதவியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்துக் கிராமங்களில் 2009ல் தொடங்கிய 'யுவா' என்ற பெண்பிள்ளைகள் கால்பந்து அமைப்பின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2013ல் அந்தப் பிள்ளைகள் ஸ்பெயினில் நடந்த காஸ்டெய்ஸ் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றார்கள். ஆனால் அந்தக் கோப்பையைவிட அங்கே எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: கிராமத்து அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் பலர், அதே அணிகளில் ஆடி வளர்ந்த பெண்கள். புதுக்கோட்டையில் கேரியரைப் பிடித்த கைதான் இது.

விளையாட்டு எல்லாருக்கும் வராது. எனக்கு வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பள்ளியில் இன்னொரு வாசல் இருந்தது: சாரணியர் படை. அதன் பிறப்பே ஒரு அத்துமீறல்தான். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடந்தது. அழைக்காமலேயே சில சிறுமிகள் சீருடை மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு வந்து நின்று, நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறு வருடம் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் அவர்களுக்கென்று தனி இயக்கம் தொடங்கிக் கொடுத்தார். 1911ல் அது ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950ல் பாரத சாரணர் இயக்கம் ஒன்றாக உருவானது, அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தார்கள். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்கு நாடெங்குமிருந்து பிள்ளைகள் வந்து கூடாரம் போட்டதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த இயக்கத்தில் நுட்பமான ஏற்பாடு, அணி. ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களுக்குள் ஒரு அணித்தலைவி. ஆசிரியை அணித்தலைவியிடம் மட்டும்தான் சொல்வார், மற்றவர்களிடம் அவள் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் என்பது பெரிய கூட்டமல்ல, ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஒருத்தி கயிறு கட்டவில்லை என்றால் கூடாரம் சரியும், எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அணி முதல் முகாமில் சோற்றைக் கருக்கியது. மூன்று செங்கல் வைத்து, ஈர விறகில் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, கடைசியில் பாதி வேகாமலும் பாதி தீய்ந்தும் ஒரு பொருள் கிடைத்தது. அணித்தலைவி நான். ஆசிரியை வந்து பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "சரி, எட்டுப் பேர் பசியா இருக்காங்க. இப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்து அணியிடம் போய்ச் சோறு கேட்டேன். அவர்கள் ரசம் வைக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருத்திக்கு ரசம் நன்றாக வரும். பண்டமாற்று ஆயிற்று. வெளியாரிடம் போய் நின்று ஒன்றைக் கேட்பதும், பதிலுக்கு ஒன்றைப் பேசி முடிப்பதும் எனக்கு அதுதான் முதல் தடவை.

எல்லாக் குழுவும் இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வருடம் முழுக்க ஒரே பெண் தலைவியாக இருக்கும் குழுக்கள் உண்டு. அவள் பெரும்பாலும் வகுப்பில் முதல் மாணவி, ஆசிரியரின் செல்லம், அல்லது ஊரில் வசதியான வீட்டுப் பெண். அமைச்சர் வந்தால் ஆரத்தித் தட்டோடு நிற்கவும் சந்தனம் கொடுக்கவும் மட்டும் சீருடை போட்டவர்களைக் கூப்பிடும் வழக்கமும் இருக்கிறது. தலைமை என்பது முறைவைத்துச் சுற்றி வந்தால்தான் வாய் திறக்காத அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரிக்கும் அது ஒருமுறை கிடைக்கும். அவள் சொதப்புவாள். சொதப்பட்டும்.

இன்னொன்று நேரம். உப்பளத்தில் அம்மாவும் அப்பாவும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் மூத்தவள் தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாலை பயிற்சிக்கு வா என்றால் அவள் எப்படி வருவாள்? பையன்களின் மன்றத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு ஒரு குழு தொடங்க நினைப்பவர்கள் பந்து வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு போய் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே ஒரு கழிப்பறை, திரும்பி வரும் வழியில் எரியும் தெருவிளக்கு. இவை இல்லாததால் நின்றுபோன குழுக்களைப் பற்றி, 'பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை' என்றே எழுதி முடித்துவிடுகிறோம்.

முகாமிலிருந்து திரும்பிய மறுவாரம், சாரணியர் அறையின் சாவியை ஆசிரியை என்னிடம் கொடுத்தார். கொடி, கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அந்த அறையில் இருந்தன. மூன்று வாரம் என் முறை. பெரிய பித்தளைச் சாவி. அன்றிரவு அதைத் தலையணைக்கு அடியில் வைக்கும்போது ஆயா பார்த்துவிட்டார்.

"இன்னாடி அது, வூட்டு சாவியா?"

"இல்ல ஆயா, பள்ளிக்கூடத்துது."

"உங்கிட்ட எதுக்குடி குடுத்தாங்க?"

"நான்தான் காலையில போயித் தொறக்கணும்."

ஆயா சாவியை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு எடுத்து வந்து அதில் கோத்து, என் கழுத்தில் மாட்டிவிட்டார்.