ஓடும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா?

இரவு நேரம். கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தின் மேல் ஒரு பழைய அம்பாசிடர் கார் போகிறது. முன் விளக்கு மங்குகிறது. ஹாரன் சத்தமும் குறைகிறது. பேட்டரி போய்விட்டது என்று டிரைவர் நினைக்கிறார். பேட்டரி நல்ல பேட்டரிதான். அதற்குச் சார்ஜ் ஏறவில்லை.

அம்பாசிடர் கார்களை உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். பழைய வண்டிகளில் டைனமோ இருக்கும். என்ஜின் ஓடினால் ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றும். அதில் உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும்.

சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரியும். என்ஜின் வேகம் எடுத்ததும் அது அணைய வேண்டும். அணையவில்லையா? புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். அதுவும் இறங்கிவிடும். பணம்தான் வீண்.

என்ஜினை நிறுத்துங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் நகர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். பெல்ட் அறுந்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. என்ஜின் கொதித்துவிடும்!

பெல்ட் சரியா? டைனமோ வயர்களையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வயரைக் கழற்றி, சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவுங்கள். அப்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் டைனமோவுக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம். கட்-அவுட் கெட்டிருக்கலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை. வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் கூலியைக் கொடுங்கள்.