எலும்பு சொல்லும் சாட்சி

பத்தாங் காலி அருகே சுங்கை ரேமோக் ரப்பர் தோட்டத்தில், 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில், ஆயுதமற்ற 24 சீனர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றனர். நம்மைப் போலவே தோட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள். "தப்பியோடினார்கள், சுட்டோம்" என்றது அரசு. 1970இல் சிப்பாய்கள் சிலரே அதை மறுத்தனர். சடலங்கள் உலு யாமில் அடக்கம் செய்யப்பட்டிருந்தன.

அந்தக் குழிகளைத் தோண்டினால் என்ன தெரியும்? மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை வெளிப்புறம் சிறுத்தும் உட்புறம் அகன்றும் இருக்கும். வெளியேறிய துளை நேர்மாறு. இதைக் கொண்டு குண்டு வந்த திசையை அறியலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. பின்னாலிருந்து பாய்ந்ததாலேயே ஓடினார் என்றாகிவிடாது. திருப்பி நிறுத்தியும் சுடலாமே! எலும்போடு, பிழைத்தவர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1993இல் மலேசியப் போலீசார் விசாரணை தொடங்கினர். குழிகள் தோண்டப்படாமலே 1997இல் அது முடிந்தது. பொதுவிசாரணைக்கு உத்தரவிட, 2015இல் லண்டன் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.