பைக் பையில் என்ன இருக்கிறது?

பாம்பன் பாலம் தாண்டி, தங்கச்சிமடம் வழியாகத் தனுஷ்கோடிக்கு பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்.

2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. மணலில் சக்கரம் புதையும் தொல்லை இல்லை. ஆனாலும் ராமேஸ்வரம் ஊரைத் தாண்டிவிட்டால் மெக்கானிக் கடையை நம்ப முடியாது. பெட்ரோலும் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் டயரைப் பாருங்கள். அலாய் வீல் என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். ரப்பர் திரி உள்ள பஞ்சர் கிட்டும் காற்றடிக்க ஒரு சின்ன பம்பும் போதும். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். கம்பி வைத்த சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். அதற்கு இந்தத் திரி உதவாது. மாற்று டியூப், டயர் லிவர், ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர் மூன்றும் வேண்டும். இதைப் பார்க்காமலே கிட் வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு!

பிளக் ஸ்பேனர், ஃபியூஸ், கிளட்ச் கேபிள், டார்ச், முதலுதவிப் பொருட்கள் எல்லாம் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும். அந்தப் பையைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் சீட்டோடு இறுக்கிக் கட்டுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று சும்மா விடாது.

இந்தக் கரையில் செயின் ஆயில் கட்டாயம். உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். மணல் ஒட்டினால் தேய்மானமும் அதிகம். ஊர் திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினை ஈரம் போகத் துடைத்து, ஆயில் விடுங்கள்.

வழியில் விபத்து என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.