அம்மா, அப்பா இல்லாத பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறதா? மாதம் ரூ.4,000 கிடைக்கும்... எப்படி?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி, நாகை கடலோரத்தில் சுனாமி பல பிள்ளைகளின் அப்பா, அம்மாவைக் கொண்டுபோனது. நாகையில் அரசு காப்பகம் திறந்தது. ஆனாலும் நிறைய பிள்ளைகள் வளர்ந்தது தாத்தா, பாட்டி, சித்தப்பா வீடுகளில்தான்.

சர்ச் எப்படி உதவுகிறது?
கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை வீடுகளைத் தேடிப்போய் உதவுவார்கள். ஆனால் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை மாதாமாதம் செலவு இருக்கே?

அரசு என்ன தருகிறது?
காப்பகம் கடைசி வழிதான் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். அதனால் சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் ரூ.4,000 உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000-க்குள் இருக்கணும்.

எங்கே கேட்பது?
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்க. 1098-க்கும் போன் பண்ணலாம். எழுதத் தெரியாதவர்கள், வீட்டுக்கு வரும் சபை ஆட்களிடமே மனு எழுத உதவி கேட்கலாம். பேரப்பிள்ளையை வளர்க்க உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.