நெருப்பு ஓடிய இடத்தில் பவளத் தோட்டம்!

ஜாதிக்காயை எல்லோருக்கும் தெரியும். அதன் பிறந்த வீடு எது தெரியுமா? இந்தோனேஷியாவில் உள்ள பண்டா தீவுகள்!

அந்தத் தீவுகளின் நடுவே, கடலில் இருந்து ஒரு மலை எழுந்து நிற்கிறது. உயரம் சுமார் 2,100 அடி. பெயர் "குனுங் அபி". "நெருப்பு மலை" என்று அர்த்தம்.

மலை வெடித்தது

1988-ம் ஆண்டு மே மாதம் அந்த மலை வெடித்தது. நெருப்புக் குழம்பு ஆறாக ஓடிக் கடலில் விழுந்தது. மக்கள் படகு ஏறித் தப்பினார்கள்.

கடலுக்கு அடியில் இருந்த பவளங்கள் எங்கே ஓடும்? பவளம் வெறும் கல் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாகக் கட்டும் வீடு அது. நெருப்புக் குழம்பு மூடிய இடத்தில் எல்லாம் அழிந்தது. கறுப்புப் பாறைதான் மிஞ்சியது.

5 ஆண்டுகளில் அதிசயம்

5 ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே மூழ்கிப் பார்த்தார்கள். திகைத்துப் போனார்கள்! கறுப்புப் பாறை மீது 124 வகைப் பவளங்கள் வளர்ந்து இருந்தன. மேஜை போலத் தட்டையாகப் படரும் பவளங்கள் 3 அடி அகலம் இருந்தன. உருண்டைப் பவளங்களோ ஆண்டுக்கு அரை அங்குலம் வளர்ந்தாலே பெரிது!

இது எப்படி நடந்தது? பவளத்தின் குஞ்சுகள் மிக மிகச் சிறியவை. அவை அக்கம்பக்கத்துப் பவளங்களில் இருந்து நீரோட்டத்தில் மிதந்து வந்தன. ஆறிப்போன பாறை கெட்டியாக, சொரசொரப்பாக இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன.

முதுகில் காற்று

இதைக் காண இப்போது பல நாட்டவர் வருகிறார்கள். முதுகில் ஓர் உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள். நீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்!

மலைச் சரிவில் கறுப்புக் கல். நீருக்குள் அடுக்கடுக்காகப் பவள மேஜைகள். அவற்றின் நிழலில் மீன் கூட்டம்!

நெருப்பை விடக் கொடியது

இந்தோனேஷியக் கடலில் சிலர் வெடி வைத்து மீன் பிடிப்பது உண்டு. சட்டப்படி அது குற்றம். வெடித்த இடத்தில் பவளம் நொறுங்கிச் சல்லியாகக் கிடக்கும். அலை அடித்தால் சல்லி உருளும். அதில் ஒட்டிய குஞ்சுகள் நசுங்கிச் சாகும். பல ஆண்டுகள் ஆனாலும் அங்கே பவளம் தலை எடுப்பது கடினம்.

எரிமலை பவளத்தை அழித்தது. ஆனால், மீண்டும் வளரக் கெட்டியான பாறையைக் கொடுத்தது. மனிதன் வைக்கும் வெடி அதையும் கொடுப்பது இல்லை!